தொண்ணூற்றஞ்சு அடிங்க

எங்கள் வீட்டுச் சண்டைகள் பெரும்பாலும் ஒரு கிழமைக்கு மேல் நின்றதில்லை. பெற்றோல் சண்டை மட்டும் பன்னிரண்டு வருடம் நடந்தது.

என் கணவர் ஹயர் ஓடுபவர். களுதாவளையில் எங்கள் வாசலில் நிற்கும் சின்ன ஜப்பான் கார்தான் அவருடைய தொழில். வெளிநாட்டுக்குப் போகிறவர்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏற்றிப் போவார். வயிற்றுப் பிள்ளைக்காரிகளை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் குலுங்காமல் கொண்டு போய் இறக்குவார். அந்தக் காருக்கு அவர் அடிப்பது ஒக்டேன் தொண்ணூற்றைந்து மட்டும். ஊரில் ஹயர் ஓடுகிற மற்ற எல்லாரும் விலை குறைந்த தொண்ணூற்றிரண்டைத்தான் அடித்தார்கள். அவர்களுடைய கார்களும் ஓடத்தான் செய்தன.

நான் களுவாஞ்சிக்குடியில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. அதனால்தான் சண்டை இவ்வளவு நீண்டது என்று நினைக்கிறேன். தெரியாதவளாக இருந்திருந்தால் விட்டிருப்பேன்.

"அந்த நம்பர் பலத்துக்கான நம்பர் இல்ல," என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "என்ஜினுக்குள்ள பெற்றோலை அழுத்தேக்க அது தானாப் பத்தாமப் பொறுத்திருக்கணும். எவ்வளவு அழுத்தம் தாங்கும் எண்டதுக்குத்தான் அந்த நம்பர். பெரிய கார் நல்லா அழுத்தும். உங்கட கார் அவ்வளவு அழுத்தாது. தொண்ணூற்றிரெண்டே அதுக்குக் கூட."

"நீ உன்ட பிள்ளையளுக்குப் படிப்பி," என்பார் அவர். "கார் எனக்குப் பேசும்."

அது என்ன பேசியது என்று அவர் சொன்னதில்லை. தொண்ணூற்றைந்து அடித்தால் இழுவை வேறு, சத்தம் வேறு, கால் வைத்தவுடன் தெரியும் என்பார். கல்யாணம் முடித்து மூன்றாம் வருடமே வளைகுடா நாடொன்றுக்குச் சாரதியாகப் போனவர் அவர். எட்டு வருடம் அங்கே ஒரு பணக்கார வீட்டில் கார் ஓடினார். திரும்பி வந்ததும் வாங்கிய முதல் பெரிய பொருள் இந்தக் கார்தான், வீட்டுக்குக் கதவு நிலை போடுவதற்கு முன்பே. அதனால் அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்த பவிசு என்று நான் எண்ணியிருந்தேன். ஒரு தரம் அதை வாய்விட்டும் சொன்னேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

போன வருடம் மாசி மாதம் ஒரு விடியற்காலை. செட்டிபாளையத்தில் ஒரு குடும்பத்தைக் கட்டுநாயக்காவுக்கு ஏற்ற வேண்டும் என்று அவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். ஏதோ விழுந்த சத்தம் கேட்கவில்லை. அவர் பாடும் சத்தம் நின்றதுதான் கேட்டது. கண்ணாடி துடைக்கும்போது ஏதாவது முணுமுணுப்பது அவருக்கு வழக்கம். நான் போய்ப் பார்த்தபோது பொனட்டில் சாய்ந்து நின்றார். துணி கீழே கிடந்தது. அதை எடுக்க வலது கையை அனுப்புகிறார், கை போகவில்லை. என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. வந்தது சொல்லே இல்லை.

பக்கத்து வீட்டு ஓட்டோவில் கொண்டு போனோம். நல்ல காலம், நேரத்தோடு போய்விட்டோம் என்றார்கள். உயிர் தப்பியது. காலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, இழுத்து இழுத்து. கை அரைவாசி வந்தது. பேச்சு வரவில்லை.

அவருக்கு எல்லாம் விளங்கும். ரேடியோவில் செய்தி போனால் முகம் மாறும். நான் பகிடி சொன்னால் சிரிப்பார். ஆனால் சொல்ல வாயைத் திறந்தால் "அது... அது..." என்பது மட்டும்தான். தண்ணீருக்கும் அது. காலில் உளைவுக்கும் அது. என்னைக் கூப்பிடுவதற்கும் அது. எதைச் சொல்கிறார் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்பேன்: தண்ணியா, சாரனா, ஃபேனைப் போடவா? இல்லை இல்லை என்று தலையை ஆட்டுவார். பத்தாவதாக ஒன்றைக் கேட்பதற்குள் கண்ணை மூடிக்கொள்வார், போதும் என்று. பார்க்க வருகிறவர்கள் அவரோடு சத்தமாகப் பேசினார்கள், காது கேளாதவரோடு பேசுவதுபோல. அவர்கள் வரும் சத்தம் கேட்டால் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளத் தொடங்கினார்.

கிழமைக்கு இரண்டு நாள் மட்டக்களப்புக்குப் போக வேண்டும், ஒரு நாள் கை கால் பயிற்சிக்கு, ஒரு நாள் பேச்சுப் பயிற்சிக்கு. ஓட்டோவில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் குலுங்கிப் போய் இறங்கும்போது அவர் வெளிறிப் போய்விடுவார். கார் வாசலில் தறப்பாளால் மூடிக் கிடந்தது. எனக்கு லைசன்ஸ் இருந்தது. அவர்தான் வற்புறுத்தி எடுக்க வைத்தவர். எடுத்த பிறகு இரண்டு நாள் ஓடினேன். பக்கத்தில் இருந்து அவர் போட்ட சத்தத்தில் மூன்றாம் நாள் கார்த் திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அதோடு சரி.

மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை தறப்பாளை இழுத்துப் போட்டேன். பற்றறி செத்துக் கிடந்தது. காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணனுக்கு, நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவருக்கு, ஃபோன் எடுத்தேன். கார் வாங்கிய நாளிலிருந்து அதற்குக் கை வைத்தவர் அவர் ஒருவர்தான்; என் கணவரோடு மச்சான் முறை கொண்டாடுகிறவர். புதுப் பற்றறியோடு தானே மோட்டார் சைக்கிளில் வந்தார். வந்ததும் நேரே காருக்குப் போகவில்லை. வாசலில் கதிரையில் இருந்த என் கணவருக்கு முன்னால் குந்தி, அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அவர் சத்தமாகப் பேசாத முதல் விருந்தாளி.

பற்றறி பூட்டி, கார் இரைந்த பிறகு நான் மெல்லக் கேட்டேன்.

"நானா, உண்மையச் சொல்லுங்க. இதுக்குத் தொண்ணூற்றிரெண்டு காணுந்தானே?"

அவர் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காணும் டீச்சர். நல்லாக் காணும். இந்த என்ஜினுக்குத் தொண்ணூற்றஞ்சு அடிச்சு ஒரு வித்தியாசமும் வராது. நான் மச்சானுக்கு எத்தினை தரம் சொல்லியிருக்கன்."

"அப்ப என்னத்துக்கு அடிச்சவர்?"

நானா கையைத் துடைத்தார். சொல்வதா விடுவதா என்று யோசிப்பது தெரிந்தது.

"அவருக்கும் தெரியும் டீச்சர். ஒரு நாள் என்னட்டச் சொன்னார். எட்டு வருசம் வேற ஒருத்தன்ட காருக்கு நல்லதை அடிச்சுக்கொண்டிருந்தன், இப்ப என்ட காருக்குக் குறைஞ்சதை அடிக்க மனம் வருதில்ல எண்டு."

பன்னிரண்டு வருடம் நான் என்ஜினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் என்ஜினைப் பற்றிப் பேசவே இல்லை. இதை என்னிடம் சொல்லாமல் காத்தான்குடிக் கராஜில் போய்ச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இரக்கம் பிறகுதான் வந்தது, அதுவும் இரவு கறிக்கு வெங்காயம் உரிக்கும்போது.

ஆனாலும் தொண்ணூற்றிரண்டு அடிப்பதென்றே முடிவு செய்தேன். அவருடைய உழைப்பு நின்றுவிட்டது. என் ஒரு சம்பளத்தில் மருந்தும் பயணமும் வீடும் ஓட வேண்டும். அவருக்குத் தெரியாமல் அடிக்கலாம் என்றும் ஒரு மனம் சொன்னது. பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரியாமல் எப்படி அடிப்பது?

முதல் நாள் ஓட்டம் செவ்வாய்க்கிழமை. பேச்சுப் பயிற்சி நாள். முன் இருக்கையில் அவரை ஏற்றிப் பெல்ற்றைப் பூட்டினேன். பிரதான வீதிக்கு ஏறுவதற்குள் என் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. போட முடியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒரு பஸ் எங்களை உரசுவதுபோல் முந்திப் போனபோது மட்டும் இடது காலால் தரையை அழுத்தினார், தன் பக்கத்திலும் பிரேக் இருப்பதுபோல.

பெற்றோல் முள் அடியில் கிடந்தது. அவர் வழக்கமாக அடிக்கும் பெற்றோல் செட்டுக்கே திருப்பினேன். அங்கே பெற்றோல் அடிப்பவர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தலையில் தொப்பியும், சட்டைக்கு மேல் செட் உடுப்பும். எங்கள் காரின் பெற்றோல் மூடி இடப்பக்கம் இருப்பதால் அந்தப் பக்கமாக வந்தார். நான் இந்தப் பக்கத்திலிருந்து "தங்கச்சி, தொண்ணூற்றி..." என்று தொடங்குகிறேன். அவருக்கு அது கேட்கவில்லை. அவர் குனிந்து என் கணவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அண்ணன்! எத்தின நாளாச்சு! எது அடிக்க?"

வருடக் கணக்காகக் கேட்ட கேள்வி. அந்தப் பெண் யோசித்துக் கேட்கவில்லை. இவரும் யோசிக்கவில்லை.

"தொண்ணூற்றஞ்சு அடிங்க," என்றார் என் கணவர்.

தெளிவாகச் சொன்னார். பழைய குரல். கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான்.

அந்தப் பெண் "சரி அண்ணன்" என்று பம்பை எடுக்கப் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. காருக்குள் நான் என் கணவரைப் பார்க்கிறேன். அவர் தன் வாயை இடது கையால் தொட்டுப் பார்க்கிறார். பிறகு மெல்ல, பரீட்சித்துப் பார்ப்பதுபோல, "தொண்ணூற்றஞ்சு" என்றார். மீண்டும் வந்தது. சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். ஆரையம்பதி போய்க் காத்தான்குடி தாண்டி, கல்லடிப் பாலத்தில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். "தொண்ணூற்றஞ்சு. தொண்ணூற்றஞ்சு அடிங்க." நான் அழுதுகொண்டே ஓடினேன். பாலத்தில் காற்று அடித்தது. கீழே வாவியில் தோணிகள் நின்றன. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். என்னால் வேகமாக ஓட முடியவில்லை.

பேச்சுப் பயிற்சி தருகிற மிஸ் தன்னாமுனையைச் சேர்ந்த சின்னப் பிள்ளை. என் பழைய மாணவிகளின் வயதுதான். நான் மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை, மிகவும் சந்தோஷப்பட்டார்.

"சில ஆக்களுக்கு இப்பிடித்தான் டீச்சர். யோசிச்சுச் சொல்லுற சொல் வராது. ஆயிரம் தரம் சொல்லிப் பழகினது தானா வரும். அது வந்த இடத்துக்கு அடிக்கடி போங்க. ஒண்டு மட்டும் செய்யாதீங்க. அவருக்காக நீங்க சொல்லிக் குடுக்காதீங்க. எவ்வளவு நேரம் எடுத்தாலும் பொறுத்திருங்க."

அதன் பிறகு ஒவ்வொரு கிளினிக் நாளும் அந்தச் செட்டுக்குப் போனோம். தாங்கி நிறைய அடித்தால் அடுத்த தரம் போகக் காரணம் இருக்காது என்று கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன். இரண்டாம் தரம் போனபோது அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்டார். "என்ட அப்பாவும் இப்பிடித்தான் கிடந்தவர்," என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் கார் வந்தால் மற்றவர்களை முந்திக்கொண்டு ஓடி வருவார். குனிந்து கேட்பார். பிறகு காத்திருப்பார். பின்னால் மோட்டார் சைக்கிள்காரர் ஹோர்ன் அடித்தால், திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை உயர்த்துவார். அவ்வளவுதான், சத்தம் நின்றுவிடும்.

எந்தப் பெற்றோல் என்பது எனக்கு அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை. தொண்ணூற்றைந்து என்று அவர் சொன்னால் தொண்ணூற்றைந்து.

மெல்ல மெல்ல வேறு சொல்லும் வந்தது. "காணும்" வந்தது. ஒரு நாள் மிச்சக் காசை வாங்கும்போது "தங்கச்சி" வந்தது. அன்று அந்தப் பெண் பம்பைக் கொழுவிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார்.

ஆனால் ஒரு சிக்கலும் வந்தது. "அது" போய் அந்த இடத்தில் "தொண்ணூற்றஞ்சு" வந்து உட்கார்ந்துகொண்டது. தேத்தண்ணிக்கும் தொண்ணூற்றஞ்சு. முதுகு சொறியவும் தொண்ணூற்றஞ்சு. கொழும்பில் இருக்கும் எங்கள் மகள் வீடியோவில் வந்தால் முதல் வார்த்தை அதுதான். அவள் "ஓம் அப்பா, தொண்ணூற்றஞ்சு" என்று தானும் சொல்லுவாள். அது அவர்களுக்குள் ஒரு வணக்கம்போல ஆகிவிட்டது. வீட்டுக்குள் நாங்கள் சிரித்துச் சமாளித்தோம்.

வெளியில் அப்படி முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். வாத வருத்தம் வந்த பிறகு அவர் ஆள் கூட்டத்துக்குள் வந்தது அன்றுதான். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் ஐயர் வழக்கம்போல, "என்ன நட்சத்திரம்?" என்று அவரைப் பார்த்துக் கேட்டார். மிஸ் சொன்னது நினைவில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தைச் சுளித்து, தேடி, பிடித்துவிட்டதுபோல் நிமிர்ந்து உரத்துச் சொன்னார்.

"தொண்ணூற்றஞ்சு."

ஐயர் அசையவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மெல்ல "ரோகிணி" என்றேன். அவர் தட்டோடு உள்ளே போய்விட்டார். பின்னால் நின்ற இரண்டு இளம் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தித்தான் சிரித்தார்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை, விசயம் தெரியாதவர்கள். ஆனால் அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். விபூதிகூட எடுக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு காருக்குப் போய் ஏறிக்கொண்டார்.

அன்றோடு வாயை மூடினார். ஒரு சொல் இல்லை. பழைய "அது"கூட இல்லை. மகள் வீடியோவில் வந்து, "அப்பா, தொண்ணூற்றஞ்சு!" என்பாள். அவர் எழுந்து போய்விடுவார். மிஸ்ஸுக்கு முன்னாலும் கைகட்டி இருப்பார், வகுப்பில் குழப்படிப் பையன் இருப்பதுபோல. செட்டில் அந்தப் பெண் குனிந்து கேட்பார், காத்திருப்பார், இவர் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் நான் மெல்ல "தொண்ணூற்றஞ்சே அடிங்க தங்கச்சி" என்பேன். அவர் சொல்லாமல் நான் சொல்லும்போது அந்தச் சொல் எனக்குக் கசந்தது.

இப்படி ஐந்து கிழமை.

ஆறாம் கிழமை பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. விடைத்தாள் திருத்திய கண்ணோடு, அரை நாள் லீவு போட்டு, வெயிலில் ஓடிப் போகிறேன். தேற்றாத்தீவில் ஒரு மாடு குறுக்கே வர, பிரேக்கில் ஏறி நின்றேன். செட்டுக்குள் திருப்பி நிறுத்தியபோது எனக்கு யாரிலென்று இல்லாத ஒரு கோபம். அந்தப் பெண் வந்து குனிந்தார்.

"அண்ணன், எது அடிக்க?"

மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் காத்திருந்தேன். அந்தப் பெண்ணும் காத்திருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பாவம் பார்த்து எத்தனை நாளைக்கு? வாய் திறக்காதவருக்காக நான் ஏன் என் அறிவுக்கு விரோதமாகப் பெற்றோல் அடிக்க வேண்டும்?

"தொண்ணூற்றிரெண்டு அடிங்க தங்கச்சி," என்றேன். "நிறைய அடிங்க."

அந்தப் பெண் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தொண்ணூற்றிரண்டு பம்பை எடுத்தார்.

"இல்ல."

யார் சொன்னது என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பியிருந்தார். முகம் சிவந்திருந்தது. இந்தச் சொல் அவரிடமிருந்து வந்து ஏழு மாதம். பழக்கத்தில் தானாக வந்த சொல்லும் இல்லை. அவர் யோசித்து, எனக்கென்று சொன்ன சொல்.

"என்ன இல்ல?" என்றேன். என் குரலும் உயர்ந்துவிட்டது.

"இல்ல. இல்ல..." டாஷ்போர்டைத் தட்டினார். "என்ட... என்ட... கார்."

"உங்கட கார்தான். ஆர் இல்ல எண்டது? ஓடுறது நான். இந்த என்ஜினுக்குத் தொண்ணூற்றிரெண்டு காணும். நானாவும் சொன்னவர். உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் என்னோட பன்னிரெண்டு வருசம் சண்டை பிடிச்ச நீங்க."

"ஓம்!" என்று கத்தினார். "ஓம். தெரியும்."

"தெரிஞ்சா மறுகா ஏன்?"

"என்ட... விருப்பம்!"

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். பின்னால் ஒரு லான்ட் மாஸ்டர் உழவு மெஷினும் மூன்று மோட்டார் சைக்கிளும் நின்றன. செட்டில் இருந்த அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருத்தக்காரப் புருசனோடு நடுவெயிலில் சண்டை பிடிக்கிற ஒரு டீச்சரம்மாவை அவர்கள் வேறெங்கே பார்க்கப் போகிறார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. ஏழு மாதம் நான் ஒருத்தியாகப் பேசிய வீட்டில் எதிர்த்துப் பேச ஆள் வந்துவிட்டது. எனக்கு இன்னும் சண்டை பிடிக்க வேண்டும்போல இருந்தது.

பம்பைப் பிடித்தபடி அந்தப் பெண் மெல்லச் சொன்னார்: "அக்கா, அண்ணன், ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. பின்னால லைன் நிக்குது."

என் கணவர் ஒற்றை விரலைக் காட்டினார். பொறு என்று அர்த்தம். சொல்லைத் தேடினார். எனக்கு அது என்னவென்று தெரியும். நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நான் சொல்லாமல் இருந்தேன்.

"தொண்ணூற்றஞ்சு," என்றார். "பாதி."

பாதித் தாங்கி அடித்தோம்.

அன்று பின்னேரம் வீட்டில், பெரிய கதிரையில் அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, நானா சொன்னதைச் சொன்னேன். எட்டு வருடம் வேறொருவன் காருக்கு நல்லதை அடித்த கதையை. அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். சொன்னார் என்பதா, கொட்டினார் என்பதா? ஒரு சொல், ஒரு கைச்சைகை, பிறகு ஒரு பெரிய இடைவெளி. வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் சத்தம் பக்கத்து வளவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்ற பிறகும் அவர் முடிக்கவில்லை.

நான் விளங்கிக்கொண்டது இது. அந்த வீட்டில் அவருக்குக் கொடுத்த அறையில் ஏசி பழுதாகிவிட்டது. கோடை. சொல்லிப் பார்த்தார். இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் போனது. கார் நிறுத்தும் அறையில் ஏசி இருந்தது, காரின் தோல் இருக்கை கெட்டுவிடக் கூடாதென்று. அந்த ஒரு மாதமும் அவர் பாயை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குப் பக்கத்தில் சீமெந்தில் படுத்தார். முதலாளி கெட்டவர் இல்லை என்பதையும் சொன்னார்; "நல்ல... மனுசன்" என்று இரண்டு தரம் சொன்னார். ஏசி விசயத்தை முதலாளி மறந்துவிட்டார், அவ்வளவுதான். காரை மறக்கவில்லை.

"கார்... குளிர்," என்றார். நெஞ்சில் கை வைத்தார். "நான்... காருக்கு... பக்கத்தில."

அந்த மாதத்திலும் வாரா வாரம் அவரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. நான் நல்ல சுகம், அறையில் ஏசி எல்லாம் இருக்கு, பயப்பட வேண்டாம் என்று இருந்தது. இங்கே நிலைமை மோசமாக இருந்த காலம் அது. நானும் ஊரில் ஒரு பிரச்சினையும் இல்லை என்றுதான் எழுதினேன்.

"என்னட்ட ஏன் சொல்லல்ல?" என்றேன்.

அவர் தோளை உயர்த்தினார். வந்தது ஒரு சொல்தான்.

"வெக்கம்."

நான் அவருடைய வலது கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கைக்குச் சூடு குளிர் அப்போது சரியாகத் தெரியாது. இருந்தாலும் பிடித்திருந்தேன்.

அந்தச் சண்டைக்குப் பிறகு பேச்சு வேகமாக வரவில்லை, ஆனால் நிற்கவில்லை. மிஸ் நடந்ததைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "டீச்சர், நல்ல சண்டை ஒண்டு பத்துப் பயிற்சிக்குச் சமன். ஆனா ஒவ்வொரு கிழமையும் பிடிக்காதீங்க." மகளின் பெயரைச் சொன்ன நாள் அவள் கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். கோயிலுக்கு மட்டும் வர மாட்டேன் என்று இரண்டு மாதம் அடம் பிடித்தார். பிறகு ஒரு நாள் தானே சேர்ட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

இப்போது ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பொல்லு ஊன்றித் தனியே நடக்கிறார். சின்ன வசனம் பேசுகிறார். இனி ஹயர் ஓட முடியாது என்று டொக்டர் சொன்னதை ஏற்றுக்கொள்ள அவருக்கு ஒரு கிழமை எடுத்தது. அதன் பிறகு கார்த் திறப்பைக் கொண்டுவந்து என் பாடசாலைப் பைக்குள் தானே போட்டார். பள்ளிக்கூடத்துக்கு நான் அந்தக் காரில்தான் போகிறேன்.

பெற்றோலைப் பற்றி எங்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அவர் பக்கத்தில் இருந்தால் அவர் கேட்பது. நான் தனியே போனால் களுவாஞ்சிக்குடியில் தொண்ணூற்றிரண்டு அடிக்கிறேன். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லியும் விடுகிறேன். மறைக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுவதில்லை.

நேற்றும் சொன்னேன். உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் குசினிக் கதவு நிலையில் சாய்ந்து நின்று, தொண்டையைச் செருமி, அந்தக் காருக்கு ஏன் தொண்ணூற்றைந்து தேவை என்று தொடங்கினார். இழுவை, சத்தம், கால் வைத்தவுடன் தெரிவது. ஒவ்வொரு சொல்லையும் எங்கோ தூரத்திலிருந்து தூக்கி வந்து வைத்தார். விஞ்ஞானப்படி அதில் ஒன்றும் சரியில்லை. நான் அடுப்பைக் குறைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் முடிக்கும்வரை கேட்டேன்.